ஒளிப்படத்துக்கு எதற்கு ஓர் அறை?

சில மாதங்களுக்கு முன், நெரிசலான தெருவொன்றின் முதல் மாடியில் இயங்கும் சிறிய கலைக்கூடத்துக்கு ஒளிப்படக் கண்காட்சி பார்க்கச் சென்றிருந்தேன். இரண்டே அறைகள். உப்பளங்களைப் பற்றிய இருபத்திரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். வந்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். அவர்களில் ஒருவர் கல்லூரி மாணவர். ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு என்னிடம், “சார், இந்தப் படங்களையெல்லாம் அவரே இன்ஸ்டாகிராம்ல போட்டிருக்கார். எல்லாத்தையும் போன்லயே பார்த்துட்டேன். அப்புறம் எதுக்கு இந்த ரூமு, வாடகை, ஃப்ரேமு?” என்று கேட்டார். ஏதோ பட்டும் படாமலும் பதில் சொல்லிச் சமாளித்தேன்.

கூடத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்மணி அதைக் கேட்டுச் சிரித்தார். மூன்று வாரங்களில் ஒரே ஒரு படம் விற்றிருக்கிறது என்றார். வாங்கியவரும் ஒளிப்படக் கலைஞரின் சித்தப்பாவாம். படியிறங்கும்போது எனக்கே ஒன்று உறைத்தது. இருபத்திரண்டு படங்களையும் பத்து நிமிடங்களில் பார்த்து முடித்துவிட்டு, மீதி நேரத்தை நான் பேச்சில் கழித்திருந்தேன். கைப்பேசியில் விரலால் தள்ளிப் பார்ப்பதற்கும், நான் கால்களால் நடந்து பார்த்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த மாணவரின் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தடுமாறியதன் காரணம் அதுதான்.

அவருடைய கேள்வி நூறாண்டுகளுக்கும் மேல் பழமையானது. எவராலும் எடுக்கக்கூடிய, எத்தனை படிகள் வேண்டுமானாலும் போடக்கூடிய ஒரு படத்தைச் சுவரில் மாட்டி, அதன் முன் மனிதர்களை நிறுத்துவதில் என்ன பொருள் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு முதன்முதலில் உறுதியாகப் பதில் சொல்ல முயன்ற இடங்களில் ஒன்று, நியூயார்க்கில் மூன்று சின்னஞ்சிறு அறைகளில் இயங்கிய ஒரு கலைக்கூடம். அதன் பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கையை அறிந்துகொண்டால், இன்றைய சிறு கலைக்கூடங்கள் என்ன செய்கின்றன, ஏன் தள்ளாடுகின்றன என்ற இரண்டுமே விளங்கும்.

மாடியில் மூன்று அறைகள்

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ‘கோடக்’ கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நூறு படங்களுக்கான சுருளுடன் அது விற்கப்பட்டது. படங்களை எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால் போதும். கழுவி, அச்சிட்டு, புதிய சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் ஒரு டாலருக்கு ‘பிரௌனி’ கேமரா வந்தது. அதுவரை ரசாயனம் அறிந்தவர்களின் கைவேலையாக இருந்த ஒளிப்படம், குழந்தைகளும் விளையாடும் பொருளாயிற்று. இன்றைய கைப்பேசிக் கேமராக்கள் எழுப்பும் பதற்றத்தின் முதல் வடிவம் அன்றே தோன்றிவிட்டது: எல்லோரும் எடுக்கிறார்கள் என்றால், இதில் கலை எங்கே இருக்கிறது?

இந்தச் சூழலில்தான் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞர் 1902-இல் ‘போட்டோ செசஷன்’ என்ற குழுவைத் தொடங்கினார். ‘செசஷன்’ என்றால் பிரிந்துபோதல். பழகிப்போன ஒளிப்படச் சங்கங்களிலிருந்தும், ஒளிப்படம் வெறும் இயந்திரப் பதிவு என்ற எண்ணத்திலிருந்தும் பிரிந்துபோவதை அந்தப் பெயர் குறித்தது. அடுத்த ஆண்டு ‘கேமரா வொர்க்’ என்ற காலாண்டிதழும் வந்தது. அதன் ஒளிப்படங்கள் மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சிடப்பட்டு, ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டப்பட்டன.

இதழ் இருந்தது, சுவர் இல்லை. குழுவின் இளைய உறுப்பினரும் ஓவியருமான எட்வர்டு ஸ்டைகன் ஒரு யோசனை சொன்னார். ஐந்தாம் அவென்யூவில் 291-ஆம் எண் கட்டடத்தின் மேல்தளத்தில் சில சிறிய அறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவற்றையே காட்சிக்கூடமாக்கலாம் என்றார். 1905 நவம்பர் இறுதியில், போட்டோ செசஷன் உறுப்பினர்களின் நூறு படங்களுடன் அது திறக்கப்பட்டது. அதிகாரபூர்வப் பெயர் ‘போட்டோ செசஷனின் சிறு கலைக்கூடங்கள்’. நாளடைவில் வீட்டு எண்ணே பெயராகி, ‘291’ என்று வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அங்கிருந்த பெரிய அறையே ஏறக்குறைய 15 அடிக்கு 17 அடிதான். நம்மூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வரவேற்பறையை நினைத்துக்கொள்ளலாம்.

சுவர் செய்யும் வேலை

அந்தக் காலத்துக் கண்காட்சிகளில் படங்களைத் தரையருகிலிருந்து கூரைவரை நெருக்கியடித்து மாட்டுவதே வழக்கம். பெரிய சட்டகமும் உரத்த நிறமும் கொண்டவை கண்ணை இழுக்கும்; மற்றவை தொலைந்துபோகும். ஸ்டைகன் இதற்கு நேரெதிராக யோசித்தார். ஓர் அறையின் சுவர்களை ஒலிவப் பச்சை சாயல் கொண்ட சாம்பல்நிறச் சணல் துணியால் போர்த்தினார். வெளிர்நிற அட்டைகளிலும் வெள்ளைச் சட்டகங்களிலும் அமைந்த படங்களுக்கென இன்னொரு அறையை வெளுத்த சணல் துணியாலும் வெள்ளை மரவேலைப்பாட்டாலும் அமைத்தார். மூன்றாவது அறைக்குச் சாம்பல் கலந்த நீலம். மேலிருந்து வரும் வெளிச்சம் நேரடியாகக் கண்ணில் அடிக்காமல் மென்மையாகப் பரவ வழிசெய்தார். படங்களுக்கு இடையே தாராளமாக இடம் விட்டு, கண் மட்டத்தில் மாட்டினார்.

இன்று எந்தக் கலைக்கூடத்துக்குப் போனாலும் இதுதான் நடைமுறை என்பதால் இதில் புதுமை தெரியாது. ஆனால், இது ஒரு வாதம். ‘இந்தப் படத்தை இதன் பக்கத்துப் படத்தோடு போட்டிபோட விடமாட்டேன், இதற்கு உரிய மௌனத்தைக் கொடுப்பேன்’ என்று சுவர் சொல்கிறது. இசைக் கச்சேரியில் பாடகருக்கு முன்னால் சுருதி சேர்ப்பதுபோல, பார்வைக்குச் சுருதி சேர்க்கும் வேலை அது.

இன்னொன்றும் உண்டு. திரையில் ஒளிப்படத்துக்கு அளவு கிடையாது. கைப்பேசியில் தீப்பெட்டி அளவாகவும் தொலைக்காட்சியில் கதவளவாகவும் அதே படம் தோன்றும். அச்சிட்ட படத்துக்கு அளவு உண்டு. அந்த அளவைக் கலைஞர் தேர்ந்தெடுக்கிறார். ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் வானத்து மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். அடிவானம் வரை விரிந்த மேகக்கூட்டம். ஆனால், அவர் அச்சிட்டவற்றில் பல உள்ளங்கையளவுப் படங்கள், ஏறக்குறைய 4 அங்குலத்துக்கு 5 அங்குலம். அவற்றைப் பார்க்க அருகில் போய்க் குனிய வேண்டும். வானத்தை ஒரு கடிதம்போல வாசிக்க வைப்பதுதான் நோக்கம். திரையில் இரு விரல்களால் பெரிதாக்கியதும் அந்த நோக்கம் கலைந்துவிடும்.

தாளின் இயல்பும் அப்படித்தான். பிளாட்டினம் முறையில் அச்சிட்ட படத்தில், உருவம் தாளின் மேற்பரப்பில் பளபளப்பாக நிற்காது. தாளின் இழைகளோடு ஒன்றியிருக்கும். கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே எண்ணற்ற சாம்பல் படிகள் கிடைக்கும். ஸ்டைகன் 1904-இல் எடுத்த ‘குளம் – நிலவொளி’ என்ற படத்தில் மரங்களுக்கிடையே நிலவு எழுகிறது. பிளாட்டினம் அச்சின் மேல் நிறமி கலந்த பசைப் படலங்களைக் கையால் பூசி, அவர் அதற்கு நிறம் ஏற்றினார். அந்தப் படத்துக்கு மூன்று படிகளே அறியப்பட்டுள்ளன. கையால் செய்தவை என்பதால் மூன்றும் ஒன்றுபோல இருக்காது. ஒரே எதிர்மறைப் பிரதியிலிருந்து பிறந்தாலும் ஒவ்வோர் அச்சும் தனி உயிர். அதை நேரில் பார்க்காதவர், பார்த்தது படத்தின் நிழலை மட்டுமே.

சிறியதாக இருப்பதன் துணிவு

291 ஒளிப்படங்களோடு நின்றுவிடவில்லை. 1907 தொடக்கத்தில் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற கலைஞரின் ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. 1908-இல் சிற்பி ரோதானின் கோட்டோவியங்கள், பிறகு மத்தீஸ். 1911-இல் செசானின் நீர்வண்ணங்கள், அமெரிக்காவில் பிக்காஸோவின் முதல் தனிக் கண்காட்சி. 1912-இல் குழந்தைகளின் ஓவியங்கள். 1914-இல் ஆப்பிரிக்கச் சிற்பங்களைக் கலைப்படைப்புகளாக வைத்த கண்காட்சி. பெரிய அருங்காட்சியகங்கள் யோசிக்கவே தயங்கியவற்றை, ஐம்பது பேர் நின்றால் மூச்சுமுட்டும் அறைகள் செய்துகாட்டின.

இதில் ஒரு கணக்கு இருந்தது. ஒளிப்படத்தையும் ஓவியத்தையும் மாறி மாறி ஒரே சுவரில் மாட்டினால், ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவர் கேட்டாக வேண்டும். 1913 பிப்ரவரியில் நியூயார்க்கின் ‘ஆர்மரி ஷோ’ ஐரோப்பிய நவீன ஓவியங்களைப் பெருந்திரளான மக்கள் முன் வைத்து நகரையே உலுக்கியது. அதே நாள்களில் ஸ்டீக்லிட்ஸ் தன் கூடத்தில் தன்னுடைய ஒளிப்படங்களை மாட்டினார். அங்கே அத்தனை புதுமைகளையும் பார்த்துவிட்டு வருபவர் முன் ஒளிப்படம் தாக்குப்பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்த்தார்.

அவருடைய புகழ்பெற்ற படமான ‘ஸ்டீரேஜ்’ 1907-இல் எடுக்கப்பட்டது. கப்பலின் மலிவுக் கட்டணத் தளத்தில் நெருக்கியடித்து நிற்கும் ஏழைப் பயணிகள். நடுவே வெண்மையாகக் குறுக்கே ஓடும் நடைபாலம். அமெரிக்காவுக்கு வந்திறங்கும் குடியேறிகளின் படம் என்று பலரும் இதை நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கப்பல் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எடுத்தவரோ முதல் வகுப்பில் பயணித்தவர். படத்தைச் சற்று நேரம் பார்த்தாலே அந்த இடைவெளி தெரியும். கேமரா மேலே நிற்கிறது, மனிதர்கள் கீழே இருக்கிறார்கள். நடைபாலம் இரண்டு உலகங்களையும் பிரிக்கிறது. இதையெல்லாம் கவனிக்கும் அவகாசத்தைக் கொடுப்பதுதான் அறையின் வேலை.

1916 மார்ச்சில் பால் ஸ்ட்ராண்ட் என்ற இருபத்தைந்து வயது இளைஞரின் படங்கள் அங்கே மாட்டப்பட்டன. அதுவரை ஒளிப்படம் ஓவியத்தைப்போல் தோன்ற முயன்றது. மங்கலும் மென்மையுமே கலை என்று கருதப்பட்டது. ஸ்ட்ராண்டின் படங்கள் கூர்மையானவை, நேரடியானவை. ‘கேமரா வொர்க்’ தன் கடைசி இதழை அவருக்கே ஒப்படைத்தது. கழுத்தில் ‘குருடு’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுத் தெருவில் நிற்கும் பெண்ணின் படம் அதில் வெளியானது. வேறு திசையில் பார்ப்பதுபோன்ற போலி லென்ஸைக் கேமராவில் பொருத்தி, தெருவில் இருப்பவர்கள் அறியாமல் எடுக்கும் உத்தியை ஸ்ட்ராண்ட் கையாண்டார். பார்வையற்ற ஒருவரை இப்படிப் பார்க்க நமக்கு உரிமை உண்டா? அந்தக் கேள்விக்கு இன்றும் முடிவான பதில் இல்லை. ஆனால், வேகமாகக் கடந்துபோகும் படத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

ஒரு தலைமுறை நம்பிய அழகியலைக் கட்டி எழுப்பிய அதே அறை, பதினோரு ஆண்டுகளில் அதை மறுத்து அடுத்ததற்குக் கதவு திறந்தது. பெரிய நிறுவனத்தில் இதற்குக் குழு கூட வேண்டும், கோப்பு நகர வேண்டும். சிறிய இடத்தில் ஒருவர் மனம் மாறினால் போதும்.

யார் பணம் கொடுத்தது?

இங்கேதான் நாம் வழக்கமாகப் பேசாமல் விடும் பகுதி வருகிறது. பிக்காஸோவின் 1911 கண்காட்சியில் எண்பதுக்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. தன்னைத் தவிர வாங்க முன்வந்தவர் ஒரே ஒருவர்தான் என்று ஸ்டீக்லிட்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். விலை 12 டாலராம். ‘கேமரா வொர்க்’ ஏறக்குறைய ஆயிரம் சந்தாதாரர்களுடன் நன்றாக இயங்கிய இதழ். 1917-இல் அது நின்றபோது நாற்பது பேர்கூட மிஞ்சவில்லை. 1908-இலேயே வாடகை உயர்ந்து கூடத்தை மூட வேண்டி வந்தது. பால் ஹவிலண்ட் என்ற வசதி படைத்த நண்பர், கூடத்தின் எதிர்ப்புறத்தில் இருந்த அறைக்குத் தன் பொறுப்பில் குத்தகை எழுதியதால்தான் அது மீண்டும் திறந்தது.

ஸ்டீக்லிட்ஸின் கையிருப்புக்கும் பின்னணி உண்டு. அவருடைய தந்தை கம்பளி வணிகத்தில் செல்வம் சேர்த்தவர். முதல் மனைவி எம்மலின் மதுவடிப்பாலைக் குடும்பத்து வாரிசு. கலையை விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்று அவரால் உரத்துச் சொல்ல முடிந்ததற்கு அந்தப் பணம் துணைநின்றது. அவரோடு குழுவைத் தொடங்கிய கெர்ட்ரூட் கேஸ்பியர் உருவப்பட நிலையம் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்மணி. 1906-இல் 291-இல் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால், ஒளிப்படத்தால் பிழைப்பதை ஸ்டீக்லிட்ஸ் இளக்காரமாகப் பார்க்கத் தொடங்கியதும் விரிசல் விழுந்தது. 1912-இல் கேஸ்பியர் குழுவிலிருந்து விலகினார். ‘தூய கலை’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அதைச் சொல்பவரின் வாடகையை யார் கட்டுகிறார்கள் என்றும் கேட்பது நல்லது என்று எனக்குத் தோன்றும்.

முதல் உலகப் போர் குடும்ப வருமானத்தைக் குறைத்தது, பார்வையாளர்களும் குறைந்தனர். 1917-இல் ஜார்ஜியா ஓ’கீஃபின் ஓவியக் கண்காட்சியுடன் 291 மூடப்பட்டது.

பிறகு வந்தவர்கள் வேறு வழிகளைத் தேடினர். 1954-இல் ஹெலன் ஜீ என்ற பெண்மணி நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ‘லைம்லைட்’ என்ற காபிக் கடையைத் தொடங்கி, அதற்குள்ளேயே ஒளிப்படக் கலைக்கூடத்தை நடத்தினார். படங்கள் விற்காது என்று அவருக்குத் தெரியும், காபி விற்கும். ஏழு ஆண்டுகள் காபியே கலைக்குச் சோறு போட்டது. 1971-இல் லண்டனில் சூ டேவிஸ் தொடங்கிய ‘போட்டோகிராஃபர்ஸ் கேலரி’ ஒரு பழைய தேநீர்க் கடையில்தான் பிறந்தது. பொதுநிதியின் உதவியும் பெற்று இன்றுவரை இயங்குகிறது.

படங்களை விற்றுப் பிழைக்கும் வழியும் பின்னர் உருவானது. ஒரு படத்திலிருந்து பத்துப் படிகள் மட்டுமே அச்சிடுவேன் என்று கலைஞர் உறுதி கூறி, ஒவ்வொன்றிலும் எண்ணிட்டுக் கையெழுத்திடுவார். அந்த உறுதிமொழிக்குக் கலைக்கூடம் சாட்சி. விற்ற விலையில் ஏறக்குறைய பாதி கலைக்கூடத்துக்குப் போவது பரவலான வழக்கம். எண்ணற்ற படிகள் போடக்கூடிய பொருளுக்கு வேண்டுமென்றே ஒரு வேலி போடுவது இது. செயற்கையான ஏற்பாடு என்று இதைக் குறைகூறலாம். அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால், இந்த வேலி இல்லாவிட்டால் வாழும் கலைஞருக்கு அச்சுக்கூலிகூடத் தேறாது.

ஸ்டைகனின் ‘குளம் – நிலவொளி’யின் ஒரு படி 2006-இல் நியூயார்க் ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்று அது ஏலத்தில் ஓர் ஒளிப்படத்துக்குக் கிடைத்த மிக உயர்ந்த விலை. இந்தச் செய்தியைப் படிப்பவர்கள் ஒளிப்படக் கலை பணம் கொழிக்கும் துறை என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்டைகன் இறந்து முப்பதாண்டுகளுக்கும் மேலான பிறகு வந்த விலை அது. அந்தக் கலைக்கு மதிப்பைத் தேடித்தந்த மாடி அறைகளோ வாடகைக்குத் திண்டாடின. மதிப்பை உண்டாக்கும் இடமும் அதை அறுவடை செய்யும் இடமும் வேறு வேறு. சிறு கலைக்கூடங்களின் பொருளாதாரம் இந்த ஒரு வரியில் அடங்கும்.

கதவைத் திறந்த குமாரசுவாமி

இந்தக் கதையில் தமிழர்கள் அறிய வேண்டிய ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1877-இல் கொழும்பில், தமிழ்ப் பெருமகனாரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். நடராசர் வடிவத்தின் உட்பொருளை மேலை உலகுக்கு விளக்கியவராகவே நாம் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். 1917-இல், அதாவது 291 மூடப்பட்ட அதே ஆண்டில், அவர் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பேற்றார்.

அவரது முன்முயற்சியால் 1924-இல் ஸ்டீக்லிட்ஸ் தன் ஒளிப்படங்களில் 27-ஐ அந்த அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அமெரிக்காவின் பெரிய கலை அருங்காட்சியகம் ஒன்று ஒளிப்படங்களைக் கலைப்படைப்புகளாகத் தன் சேகரிப்பில் ஏற்ற முதல் நிகழ்வுகளில் அது ஒன்று. சோழர்காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதிய கைதான் அந்தக் கதவையும் திறந்தது.

இது தற்செயல் என்று நான் கருதவில்லை. உயர்கலை, கைவினை என்ற பாகுபாட்டைக் குமாரசுவாமி ஏற்காதவர். இந்திய, இலங்கைக் கைவினைஞர்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதியவருக்கு, ‘இது கருவியால் செய்தது, ஆகவே கலையல்ல’ என்ற வாதம் எடுபட்டிருக்காது. உளியும் கருவிதான். அதே நேரம், இயந்திரத் தொழில் கைவினையை அழிப்பதைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. இயந்திரத்தை வெறுத்தவர் என்று பெயரெடுத்தவர் இயந்திரத்தில் பிறந்த படத்துக்காக வாதாடினார் என்றால், அவர் பார்த்தது கருவியை அல்ல, அதன் பின்னால் இருந்த கவனத்தை என்றே எனக்குப் படுகிறது.

இரண்டாவது முறை

291 பற்றி எனக்கு மிகப் பிடித்த செய்தி ஓவியர்களைப் பற்றியதன்று. ஒருமுறை ஸ்டீக்லிட்ஸ், ‘291 உங்களுக்கு என்னவாக இருக்கிறது?’ என்று பலரிடமும் எழுதிக் கேட்டு, வந்த பதில்களை 1915 தொடக்கத்தில் ‘கேமரா வொர்க்’கின் தனி இதழாக வெளியிட்டார். அறுபத்தெட்டுப் பேர் எழுதியிருந்தனர். கலைஞர்கள், விமர்சகர்களுக்கு நடுவே ஹாட்ஜ் கிர்னன் என்பவரும் இருந்தார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவரான அவர், அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டை இயக்கியவர். பார்வையாளர்களை நாளெல்லாம் மேலே ஏற்றி இறக்கியவருக்கும் அந்த அறையைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. அது மற்றவர்கள் சொன்னதோடு சமமாக அச்சேறியது. எந்தக் கலைக்கூடத்தின் வெற்றியையும் நான் இதைக்கொண்டே அளப்பேன்.

நம் மாவட்ட மைய நூலகங்களில் ஆண்டுக்குச் சில வாரங்கள் ஓர் அறையை, இல்லாவிட்டால் ஒரு நீண்ட சுவரையாவது ஒளிப்படங்களுக்கு ஒதுக்க முடியாதா? பெரிய செலவில்லை. நல்ல வெளிச்சம், வெற்றுச் சுவர், கண் மட்டத்தில் ஒரு வரிசை, உட்கார ஒரு பெஞ்சு. ஊரின் நெசவையோ மீன்பிடியையோ படமெடுக்கும் இளைஞர் ஒருவரின் இருபது படங்கள் போதும். தன் ஊரைத் தன் ஊரார் முன் மாட்டிவைக்க வேண்டும் என்றால், எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர் நூறுமுறை யோசிப்பார். படத்தில் இருப்பவர்களே வந்து பார்க்கக்கூடும் என்ற நினைப்பு, ஸ்ட்ராண்ட் சந்திக்காத ஒரு பொறுப்பை அவருக்குக் கொடுக்கும்.

பார்வையாளர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. எல்லாப் படங்களையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருமுறை சுற்றிவந்து, நம்மை நிறுத்திய ஒரு படத்திடம் திரும்பிப் போனால் போதும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எடுத்தவர் எங்கே நின்றிருப்பார், ஏன் இந்த அளவு, பக்கத்தில் ஏன் இந்தப் படம் என்று கேட்டுப் பார்க்கலாம். விளக்கக் குறிப்பைக் கடைசியாகப் படிக்கலாம். படம் வாங்கப் பணமில்லாவிட்டால் பாதகமில்லை. வருகைப் பதிவேட்டில் இரண்டு வரி உண்மையாக எழுதலாம்.

உப்பளப் படங்களின் கண்காட்சி முடிவதற்கு முந்தைய நாள் நான் மறுபடியும் போனேன். முதல்முறை கண்ணில் படாத ஒரு படம் இரண்டாம் அறையின் மூலையில் இருந்தது. வெண்மை தவிர வேறெதுவும் இல்லாத பாத்தியில், வாருகோலின் தடம் மட்டும். அருகில் போனபோதுதான் அந்த வெண்மைக்குள் ஒரு பாதத்தின் சுவடும், அதன் குதிகாலில் வெடிப்புகளின் கோடுகளும் தெரிந்தன. கைப்பேசியை எடுத்து அதே படத்தைத் தேடிப் பார்த்தேன். திரையில் அந்தச் சுவடு தெரியவில்லை. வெள்ளை மட்டுமே இருந்தது.

அந்த மாணவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று அப்போது தோன்றியது. கேட்டு வைத்திருந்தால், பதிலொன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த மூலைக்கு அழைத்துச் சென்றிருப்பேன்.